நீங்க முதல்ல போங்க

ஏப்ரல் 9, புதன்

மதியமே வந்து சேர்ந்துவிட்டோம், நானும் அவரும். கல்யாணமான கையோடு ஒரு வெளிநாட்டுப் பயணம். பழைய நகரத்துக்குள் வண்டி போகாதாம், கோட்டை வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். கல் பாவிய தெருவில் எங்கள் பெட்டிச் சக்கரங்கள் போட்ட சத்தத்துக்கு ஊரே எட்டிப் பார்க்குமோ என்று கூச்சமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரு வீட்டு வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய சிங்கமுகம், மூக்கு தேய்ந்து போயிருந்தது. அதற்கும் மேலே கொடியில் துணி காய்ந்தது. ஒருத்தி சாவகாசமாகப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இங்கே பழசைக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. அதில் குடியிருக்கிறார்கள்.

அறையில் ஒரே குளியலறை. "நீங்க முதல்ல போங்க" என்றார். "இல்லல்ல, நீங்க போங்க" என்றேன். மாறி மாறி உபசாரம் செய்து, கடைசியில் இருவருமே முகம் கழுவாமல் ஊர் பார்க்கக் கிளம்பினோம்.

ஐம்பத்துமூன்று வயதில் எனக்கு முதல் கல்யாணம். அவருக்கு இரண்டாவது, மனைவி தவறிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஆஸ்பத்திரியில் ஊரார் முழங்காலையெல்லாம் மடக்கி நீட்டிப் பிழைக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். கட்டிய புருஷனிடம் சோப்பு எங்கே என்று கேட்க நாக்கு எழவில்லை.

அக்கா போன் செய்தாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே அவள்தான். "சர்வேயர் எப்படி இருக்கார்?" நில அளவைத் துறையில் இருந்தவர் என்பதால் அவள் வாயில் அதுதான் அவர் பெயர். "நல்லவர்" என்றேன். "அது எனக்கும் தெரியும். வேற?"

போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மதில் மேல் நடந்தோம். ஒரு பக்கம் சிவப்பு ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் கடல். மாட்டு வண்டியே போகலாம், அவ்வளவு அகலம். வெயிலில் கல் தேன் நிறத்தில் இருந்தது.

"இது ஒரே தடவைல கட்டினது இல்ல. இங்க பாருங்க, கல்லோட வரிசை மாறுது" என்று சுவரைத் தடவிக் காட்டினார். அதுவரை எனக்கு அது வெறும் சுவர். அப்புறம்தான் கண்ணில் பட்டது: ஒரு தலைமுறையின் கை நின்ற இடம், அடுத்த தலைமுறையின் கை தொடங்கிய இடம். வளர்த்த மாட்டின் முதுகைத் தடவுவதுபோல அவர் கல்லைத் தடவுகிறார். பார்க்கவே அழகு. வழி நெடுக உள்பக்கச் சுவரோடு ஒட்டியே வந்தார். நிழலுக்காக இருக்கும்.

ஆனாலும் — எப்படிச் சொல்வது? விருந்தாளியை விருந்தாளி கவனித்துக்கொள்வது போலவே நாள் போகிறது. இப்படியேதான் கடைசிவரைக்குமா? தனியாக இருந்த காலத்தில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லையே.

ஏப்ரல் 12, சனி

ரயிலில் ஜன்னலோர இடத்தை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில், யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டாவது நகரம். பழைய தொழுகைக் கூடத்துக்குள் போய் நிமிர்ந்தேன். குவிமாடம் முழுக்க நீல ஓடுகள். எந்த இடத்திலும் நீலம் ஒரே நீலமாக இல்லை. வெளிச்சம் அதன் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இதைப் பதித்தவன் படுத்துக்கொண்டு பதித்தானா, நின்றா? கழுத்து என்ன பாடுபட்டிருக்கும்? என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கழுத்து அண்ணாந்தே இருந்தது. ஆஸ்பத்திரியாக இருந்தால் திட்டியிருப்பேன். இங்கே வலித்தால் வலிக்கட்டும்.

வெளிப் படிக்கட்டுகள் நடுவில் குழிந்திருந்தன. இறங்குகிறவர்கள் காலை எங்கே அழுத்துவார்களோ அங்கே பள்ளம் கொஞ்சம் ஆழம். அவருக்குக் காட்டினேன். குனிந்து, விரலை வைத்துப் பார்த்து, "இது எனக்குத் தோணவே இல்ல" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்



கோபுரத்தில் ஏறலாமா என்று நான்தான் கேட்டேன். "போலாமே" என்றார். சுற்றிச் சுற்றிப் போகும் குறுகல் படி, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கயிறு. நான் முன்னால் போனேன். பாதியில் ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியே ஊரே கீழே கிடந்தது. திரும்பினால் அவர் அந்த இடத்தில் நின்றுவிட்டிருந்தார். கயிற்றைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. முகமெல்லாம் வியர்வை.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க." அப்புறம் மூச்சு விடுகிற குரலில், "கால் வரமாட்டேங்குது. நீ போ. என்னை விட்டுடு."

நீ என்றார். அப்போது அது காதில் ஏறவில்லை.

பின்னால் வந்தவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். நான் அவருக்குக் கீழ்ப்படியில் போய் நின்று இடுப்பில் கை கொடுத்தேன். அறுவை சிகிச்சை முடிந்தவர்களை இப்படித்தான் இறக்குவேன். "வெளிய பார்க்காதீங்க. என் தோளை மட்டும் பாருங்க. வலது கால். ஆச்சா? இப்ப இடது." குழந்தைபோல இறங்கினார்.

கீழே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு சொன்னார்: சின்ன வயதிலிருந்தே உயரம் என்றால் ஆகாதாம். "அவ இருந்தப்ப அவ மட்டும் ஏறுவா. நான் கீழ பையை வச்சுக்கிட்டு நிப்பேன்." அவர் மனைவியைப் பற்றி என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

"அப்புறம் இன்னைக்கு ஏன் ஏறினீங்க?"

"நீங்க கேட்டீங்க. முடியாதுன்னு சொல்ற அளவுக்கு நாம இன்னும் பழகலையே."

பாவி மனுஷன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? விழுந்திருந்தா? மதில் மேல சுவரோட ஒட்டி ஒட்டி வந்தாரே, நான்தான் நிழல்னு நினைச்சேன். தெருவில் போகிறவர் நடையைப் பார்த்தே இடுப்பில் கோளாறு என்று சொல்கிற எனக்கு, கூட வருகிறவர் நடை தெரியவில்லை.

ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு பாதிக் கோபுரம் ஏறியிருக்கிறார். எனக்காக இதுவரை யார் ஏறினார்கள்?

ஏப்ரல் 16, புதன்

நாள் முழுக்க ஆற்றங்கரை பெஞ்ச். கோபுரம் கீழிருந்து பார்த்தாலும் அழகுதான்.

ஏப்ரல் 18, வெள்ளி

ரயிலை விட்டுவிட்டோம். இன்னொரு வண்டிக்கு மாற வேண்டிய இடம். அவர் நிலையத்து வாசல் வளைவில் இருந்த கல்லெழுத்தை ஆராயப் போனவர், போனவர்தான். கண் முன்னால் வண்டி கிளம்பியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்குக் கல்லைப் பார்த்தாப் போதும். கூட ஒருத்தி வந்திருக்கான்னே மறந்துடும்."

அவரும் விடவில்லை. "நேரம் பார்த்துக் கூப்பிடறேன்னு யாரு சொன்னது? நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க? வழியில போன பெரியவரைப் பிடிச்சு, ஊன்றுகோலை எந்தக் கையில பிடிக்கணும்னு பாடம் எடுத்துட்டிருந்தீங்க. அவருக்கு உங்க பாஷையே தெரியாது."

அது உண்மைதான். ஆனால் அந்தப் பெரியவர் ஊன்றுகோலைத் தப்பான கையில்தான் பிடித்திருந்தார்.

பெஞ்சின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். அடுத்த வண்டி நாளைக்குத்தானாம். வெகுநேரம் கழித்து, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே "பசிக்குது" என்றார். "எனக்கும்தான்" என்றேன், நானும் அவரைப் பார்க்காமல்.

ஏப்ரல் 19, சனி

நாங்கள் கேள்விப்பட்டே இராத ஊர். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அரைப் பக்கம்கூட இருக்காது. என்ன அழகான ஊர்! சதுக்கத்தைச் சுற்றி வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவில் ஒரு கிணறு. கிணற்றின் கல் விளிம்பில் கயிறு அறுத்த தடங்கள், சீப்புப் பற்கள்போல. சந்தைக் கட்டடத்துக் கடிகாரத்துக்கு ஒரே முள்.

"அந்தக் காலத்துல மணி தெரிஞ்சாப் போதும். நிமிஷம் யாருக்கு வேணும்?" என்றார்.

"ரயில் பிடிக்கிறவங்களுக்கு வேணும்."

தோள் குலுங்கச் சிரித்தார். இந்தச் சிரிப்பை இதுவரை நான் கேட்டதே இல்லை. புறாக்கள் பறந்தன.

மணிக்கூண்டில் ஏற ஆசையாக இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே "நான் வரலை. பையைக் கொடுங்க" என்றார். மேலே காற்று, வயல்கள், தூரத்தில் நேற்று எங்களை விட்டுப்போன ரயிலின் தண்டவாளம். கீழே பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சின்ன மனிதர். கையசைத்தேன். அவர் நிமிரவே இல்லை. அண்ணாந்தாலும் தலை சுற்றுமாம்.

மே 4, ஞாயிறு

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு முதல் தடவையாக இன்று மதியம் அக்கா வீட்டுக்கு வந்தாள். அவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எங்களுக்குள் பீரோ தகராறு. அவர் வரைபடங்கள் பீரோவில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் புடவைகளை நான் எங்கே வைப்பது? நான் கத்த, அவர் கத்த, அக்கா நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி இது? போன இடத்துல ஏதாவது மனஸ்தாபமா?"

"இல்லையே, ரொம்ப நல்லா இருந்துச்சே" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"நீ சும்மா இரு, நான் சொல்றேன்" என்று அவர் உட்கார்ந்து அக்காவுக்கு அந்தப் பெயர் தெரியாத ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கிணறு சதுக்கத்தின் மூலையில் இருந்ததாம். நடுவில் என்று திருத்தினேன். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.