தூண் விழுகிற படம்

லாபிஸ் தோட்டம், ஜோகூர்.
ஈஸ்வர வருஷம், ஆவணி மாதம்.

அன்புள்ள அண்ணன் வீரமுத்துவுக்கு, தங்கை கிருஷ்ணம்மா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அங்கே நீயும் நலம் என்று நம்பி எழுதுகிறேன். நாடகக் கம்பெனிக்காரர்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறியவன், போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி போட்டதோடு சரி. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தபால்காரர் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் திரும்பினாலே எனக்குக் கோபம் வருகிற அளவுக்கு ஆகிவிட்டது.

இந்தக் கடிதத்தைச் சென்னையில் இருக்கும் ஒரு படக் கம்பெனியின் பேருக்கு அனுப்புகிறேன். படம் தொடங்குமுன் திரையில் எழுத்து வருமே, அதில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்ட விலாசம் இது. நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்பது எங்களுக்கு இந்த மாதம் ஒரு படத்தில் தெரிந்தது! எந்தப் படம், எப்படித் தெரிந்தது என்று உடனே சொல்லமாட்டேன். எங்களை இத்தனை காலம் காக்க வைத்தாயே, நீயும் கொஞ்சம் காத்திரு. இந்த வருஷம் வந்த படங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் அங்கே வருவேன்.

நீ போன பிறகு லாபிஸுக்கும் டாக்கி வந்துவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. முதலாளி ஒரு சீனர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். படம் ஓட்டுகிறவர் பத்து பாகாட் ஊரிலிருந்து வந்த கிரகோரி. கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு நம் சாமி படங்களை நம்மைவிட பக்தியாக ஓட்டுகிறார். ஒரே தொல்லை கூட்ஸ் வண்டி. அது கடந்து போகும்வரை திரையில் எல்லாரும் வாயை மட்டும் அசைப்பார்கள். அப்போது என்ன பேசியிருப்பார்கள் என்று மறுநாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது எங்களுக்குள் பெரிய சண்டையே நடக்கும். படங்களின் அசல் பேரும் இங்கே யார் வாயிலும் நிற்பதில்லை. நாங்களே பேர் வைத்துவிடுவோம்.

தைப்பூசத்துக்கு வந்தது 'பாட்டுப் படம்'. தண்ணீர் வேண்டும் என்றாலும் பாட்டு, வேண்டாம் என்றாலும் பாட்டு. ராஜகுமாரனைப் பாம்பு கடிக்கிறது. அவன் சாகாமல் பாடுகிறான். கடித்த பாம்பும் போகாமல் நின்று கேட்கிறது. அடுத்த வீட்டுச் செல்லம் பொறுக்க முடியாமல், "சீக்கிரம் செத்துத் தொலைப்பா, வீட்ல சோறு வடிக்கணும்" என்று எழுந்து கத்திவிட்டாள். ஆனால் குரல் என்றால் குரல்! அந்தப் பாட்டுகளை இன்னும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் முனகிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அடுத்தது 'கயிற்றுச் சாமி'. அம்மன் ஆகாயத்திலிருந்து இறங்கி வருகிறாள். கட்டி இறக்கிய கயிறு பளிச்சென்று தெரிகிறது. தெரிந்தால் என்ன? கொட்டகையே எழுந்து கையெடுத்துக் கும்பிட்டது. கங்காணி ஐயாசாமியின் மனைவி மடியிலிருந்து சூடத்தை எடுத்துத் தரையில் கொளுத்திவிட்டாள். தவுக்கே "ஜாங்கான்! ஜாங்கான்!" என்று மலாயில் தடுத்து அலறிக்கொண்டு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். அம்மனுக்கு அன்றைக்குத் தண்ணீர் அபிஷேகமும் ஆயிற்று. படம் சுமார்தான், இருந்தாலும் நான் அவ்வளவு சிரித்த படம் வேறு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 'பூட்ஸ்காரி'. சாமி இல்லை, ராஜா இல்லை, நம்மைப் போல மனுஷர்கள். அதில் வருகிற பெண் காலில் பூட்ஸோடு சமையலறைக்குள் போகிறாள், தானே மோட்டார் ஓட்டுகிறாள், குடித்துவிட்டு வருகிற புருஷனைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறாள். அந்த இடத்தில் பெண்கள் பக்கம் தட்டிய கைதட்டில் தகரக் கூரை அதிர்ந்தது. ஆண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்துக்கொண்டு நேரே கள்ளுக்கடைக்குப் போனார்கள். இப்படி இன்னும் பத்துப் படம் எடுக்கச் சொல், அண்ணா. உன் முதலாளி கேட்டால் ஜோகூரில் கிருஷ்ணம்மா சொன்னாள் என்று சொல்.

இனி உன் படத்துக்கு வருகிறேன். அதற்குமுன் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. முன்பு ஊமைப்படம் வந்த காலத்தில் என்றால் அம்மா வீட்டோடுதான் இருந்திருப்பாள். படம் பேச ஆரம்பித்ததால் அவளுக்கும் படம் கிடைத்தது. திரையைப் பார்த்து உட்காரமாட்டாள். காதைத் திரைக்குக் கொடுத்து, முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வருவேன்.

ஆடி முடிந்ததும் வந்தது 'தூண் படம்'. ஒரு ராஜா அநியாயமாகத் தீர்ப்புச் சொல்கிறான், பூமி நடுங்குகிறது, அரண்மனைத் தூண் சபையோர் நடுவே சாய்கிறது. எல்லாரும் "ஐயோ, தெய்வமே" என்று கதறுகிறார்கள். அந்தக் கதறலுக்கு நடுவே கணீரென்று ஒரு குரல்: "அலமாக்!"

அண்ணா, கொட்டகை சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்! புராண காலத்து ராஜ சபையில் ஐயோவுக்குப் பதில் மலாய்ச் சொல்! வாசலில் காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரருக்கு அந்தப் படம் முழுவதிலும் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். இவர் எந்த ஊர் ராஜா, நம் ஜோகூரா என்று அவர் விசாரித்தாராம். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் கையில் பதிந்துவிட்டது. "கிருஷ்ணம்மா, அது நம்ம முத்து" என்றாள். இந்த நாட்டிலிருந்து எத்தனையோ பேர் அங்கே போயிருப்பார்கள் அம்மா என்றேன். "பால் வாளி கவுந்தாலும் இப்படித்தானே கத்துவான், எனக்குத் தெரியாதா?" என்றாள். கம்பத்துக் கிராமத்திலிருந்து கீரை கொண்டு வருகிற மலாய்ப் பாட்டி, மாக் என்றால் அம்மா என்று எப்போதோ அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். "பயந்துட்டான். என்னைத்தான் கூப்பிட்டான்" என்று சொல்லி அங்கேயே அழுதுவிட்டாள்.

மறுநாள் நான் முகத்தைப் பார்ப்பதற்காகவே போனேன். பெரிய தலைப்பாகை, பஞ்சுத் தாடி. கண் இமைக்கும் நேரம்தான் காட்டுகிறார்கள். அது நீதான் என்று சத்தியம் செய்யச் சொன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் அம்மாவின் காதை நான் நம்புகிறேன். அப்பாவிடம் சொன்னேன். "பயாஸ்கோப்புல கண்டவனெல்லாம் என் மவனா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் பார்த்தால், சினிமா சோம்பேறிகளுக்கு என்று சொல்லி வந்த மனுஷர், முன்வரிசைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் மாட்டைத் தேடி வந்தேன் என்றார். நாம் எப்போது மாடு வளர்த்தோம்?

சேதி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததையும் கேள். தூண் சாயும் நேரம் வந்தால் கொட்டகையில் ஒருவரும் சிரிப்பதில்லை. கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்திக்கொண்டார்கள். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றுதான். ஒரு நாள் சரியாக அந்த இடத்தில் கூட்ஸ் வண்டி வந்து தொலைத்தது. அம்மா முகம் வாடிப்போயிற்று. ஜனங்கள் எல்லாம் மேலே திரும்பி, "கிரகோரி அண்ணே, இன்னொரு வாட்டி போடுங்க!" என்று கூப்பாடு போட்டார்கள். அவர் தவுக்கேயைக் கேட்காமலே படத்தை நிறுத்தி, பின்னால் சுற்றி, தூணை மறுபடி விழவைத்தார்.

படம் இங்கே முடிந்து யோங் பெங் ஊருக்குப் போயிற்று. பஸ் பிடித்து அம்மாவை அங்கேயும் அழைத்துப் போனேன். இப்போது சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இனி அம்மாவுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று பயந்து எழுதாமல் இருந்தால், அந்தக் கோபம் முன்வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டது என்று தெரிந்துகொள். பெரிய நடிகனாகாமல் கும்பலில் நிற்கிறோமே என்று வெட்கப்பட்டால், லாபிஸில் அந்தப் படத்தின் ராஜா யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. உன்னைத்தான் எல்லாருக்கும் தெரியும். அப்படியும் எழுத மனம் வரவில்லையா, அடுத்த படத்தில் எங்கேயாவது ஒரு ஓரத்தில் நின்று இன்னொரு முறை அலமாக் என்று சொல். முதலாளி திட்டினால் திட்டட்டும். அம்மாவுக்கு அது போதும்.

ஒருவேளை அலமாக் என்று கத்தியவர், இதைப் பிரிக்கிறவர், என் அண்ணனாக இல்லாமல் போனால், ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும் எங்கள் நாட்டுப் பிள்ளைதான். உங்களுக்கும் இங்கே ஒரு தாய் இருப்பாள். அவளுக்கு எழுதுங்கள்.

அண்ணா, அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிட வேண்டுமாம், தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமாம், தூணுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். அது அட்டைத் தூண் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறாள். தூண் விழுந்ததும் படம் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. நீ எழுவதைக் காட்டவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா "எந்திரிச்சானா?" என்று கேட்பாள். எழுந்துவிட்டான், தாடியைத் தட்டிக்கொண்டு நடந்து போகிறான் என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, அண்ணா.

உன் தங்கை,
கிருஷ்ணம்மா