உன் மனைக் குழாய்க்கு மூடி போட்ட கதை

குரும்பலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கறவை மாடும் நல்ல சுகம். நீ சுகம் என்று வாயால் சொல்கிறாய், வீடியோவில் பார்த்தால் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, அதனால் பாதிதான் நம்புகிறேன். உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஜெயசீலன் லீவு முடிந்து அயர்லாந்து திரும்புகிறான், அவனிடம் மல்லித்தூளும் வெங்காய வடகமும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இந்தக் கடிதமும். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லும் ஒவ்வொன்றையும் திருத்துவார், கதையே கெட்டுப்போகும். வடகத்தைப் பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, அந்த ஊர்க்காரர்கள் பயந்துவிடப் போகிறார்கள்.

கீழத்தெருவில் உனக்கென்று வாங்கிப் போட்ட மனை இருக்கிறதல்லவா, வீட்டுக்கு வீடு குழாய் போட்டபோது அப்பா அதற்கும் ஒன்று கேட்டு வாங்கினார். அந்தத் தெருவின் கடைசி வீடு உன் கண்ணகி அத்தை வீடு. நீ அத்தை மகன் தமிழழகனைக் கட்டமாட்டேன் என்று சொன்னதிலிருந்து அவர்கள் இங்கே வருவதில்லை, நாங்களும் அந்தப் பக்கம் போவதில்லை. போன வாரம் முருங்கைக்கீரை ஒடிக்க மனைக்குப் போனேன். குழாயின் தலையை யாரோ திருகிக்கொண்டு போயிருக்கிறார்கள். திறந்து கிடந்த வாயில் துணி சுற்றிய மக்காச்சோளக் கட்டை ஒன்று செருகியிருந்தது. உருவிப் பார்த்தேன், எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தத் துணி, அப்பா தன் அக்காவுக்குப் பொங்கல் சீராக எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையின் கிழிசல்! சண்டைக்குப் பிறகு சீரே வேண்டாம் என்று சொல்லிவிட்டவர், பழைய சீரையும் இப்படிக் கிழித்து நம் குழாயிலேயே அடைத்துக் காட்டுகிறாரா என்று கட்டையும் கையுமாக நேரே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். என் கோபம் உனக்குத் தெரியாததா.

அங்கே போனால் அத்தை குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நூல் மாதிரித் தண்ணீர். நான் கட்டையை உருவிவிட்டேன் அல்லவா, எல்லாம் உன் மனையிலேயே கொட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை என் கையைப் பார்த்துவிட்டு, "அத ஏம் பொன்னம்மா புடுங்குன? தண்ணி வர்ற வேகத்துல அதுவே தெறிச்சுப் போவுது, நாந்தான் தெனம் போயி அடைக்கிறேன்" என்றார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணி என்றேன். அவர் குடத்தைச் சரித்துத் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார். சரி, இந்தப் புடவையைப் போய்க் கிழித்தீர்களே என்று கேட்டேன். "எந்தம்பி எடுத்துக் குடுத்ததுன்னு இதையே உடுத்தி உடுத்தி நைஞ்சு போச்சு, வேற எதக் கிழிக்கிறது" என்றார். கட்டையைக் கீழே போட்டேன், இலக்கியா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா அப்போதே பெரம்பலூருக்கு வண்டியை எடுத்தார். அவசரக் குடுக்கை, குழாயைப் போய்ப் பார்த்துவிட்டாவது போனாரா என்றால் இல்லை. வெளியே இருந்து கவிழ்த்து மூடும் மூடியாக வாங்கி வந்தார். குழாய் வாய்க்கோ திருகும் மரை உள்பக்கம் இருக்கிறது, மூடியிலும் மரை உள்பக்கம், இரண்டும் எப்படிச் சேரும்? அந்தக் கோபத்தில் மறுபடி போய், பசை போட்டு ஒட்டுகிற மூடியும் ஒரு ரம்பமும் கொண்டுவந்து, வாயை அறுத்துவிட்டு ஒரேயடியாக ஒட்டிவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். தெருமுனையிலிருந்து அத்தை போட்ட சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். "ஒட்டித் தொலைச்சுட்டா நாளைக்கிப் புள்ள வந்து வூடு கட்டறப்ப எதத் தெறப்பா? கையெடு தம்பி!"

உன் பேச்சையே எடுக்காதவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் மனசுக்குள் நீ வீடே கட்டிக்கொண்டிருக்கிறாய். அப்பா ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு எங்கேயோ பார்த்தார், கண் கலங்கியது எனக்குத் தெரியாதாம்.

அத்தையே அந்தச் சோளக்கட்டையைக் கொடுத்து, அளவுக்கு இதை எடுத்துப்போ என்றார். கடைக்காரர் சிரித்துவிட்டு, கட்டையில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்து அரை அங்குலத்தில் வெளியே மரை போட்ட பிளக் ஒன்றைக் கொடுத்தாராம், திருகித் திறக்கலாம், திருகி மூடலாம். ஒழுகாமலிருக்க வெள்ளை டேப் சுற்றி அப்பா ஸ்பேனரால் திருக, குழாய் ஆடாமல் அத்தை பிடித்துக்கொண்டார். அப்பா விட்டால் இன்னும் முறுக்கியிருப்பார், "போதும் தம்பி, பிளாஸ்டிக்கு, வெடிச்சுரும்" என்று அத்தைதான் நிறுத்தினார். மறுநாள் காலையில் அத்தை வீட்டில் குடம் நிரம்பி வழிந்தது, எனக்குக் காபியும் கிடைத்தது.

தமிழழகனும் அவன் மனைவி ஆர்த்தியும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அந்தக் கல்யாணப் பேச்சில் இப்போது ஒருவருக்கும் வருத்தமில்லை. அத்தைக்கு இருக்கிறது ஒரே குறைதான், விமானம் ஏறும்போது நீ அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனது. என் கண்ணு, நீ செய்ததைத் தப்பு என்று சொல்லவில்லை, அன்றைக்கு அவர் பேசிய பேச்சும் அப்படித்தான். ஆனால் ஒரு போன் போடு. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரமாக விடாதே. நம் குலசாமி உன்னைக் காக்கும், நீ நினைத்ததெல்லாம் நடக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தப் பிளக்கைக் கழற்றுகிற ஸ்பேனர் நம் வீட்டில் இல்லை. அத்தை அதை அப்பா கையிலிருந்து வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அப்பா கேட்டதற்கு, "அவ வந்து அத்தைன்னு கூப்ட்டுக் கேக்கட்டும், குடுக்குறேன்" என்கிறார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
இ. பொன்னம்மாள்