நீல நைலான் நூல்

மழையில் கடலுக்குப் போகாமல் ஜம்புலிங்கம் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் பூவாயி காய்ச்சலில் இறந்துபோனதிலிருந்து அவனோடு பேசாத மனைவி சொர்ணம், கருவாட்டுக் கூடையோடு செங்கல்பட்டு சந்தைக்குக் கிளம்புமுன் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

"வேர்க்கடல அவிச்சி சட்டில கீது. பின்கதவத் தொறந்து வெச்சி, மழையப் பாத்துகினு துன்னு. தவளைங்க கத்துறது கேக்க நல்லா கீது. கத்திரிச்செடில தையல்சிட்டு எலையத் தெச்சி கூடு கட்டிகீது. முட்ட கீது, கிட்டப் போவாத."

கூடையை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டு, அடியில் நெருக்கி எழுதினாள்:

"தெச்சது நீல நைலான் நூலு. சிட்டுக்கோசரம் உன் புது வலைய அறுத்து பூவாயி நூல வேலில கட்டுனாளே, அதுக்கு நீ அடிச்சியே, அதே நூலு. 'சிட்டு வரும் நைனா'ன்னு அழுதுகினே சொன்னா. வந்துடுச்சி மச்சான். எட்ட நின்னு பாரு."