மாதன் வீட்டு ஏரியல்

கள்ளக்குறிச்சி,
24.9.1991

அன்புள்ள காசிநாதனுக்குச் சின்னதுரை எழுதுவது. பெங்களூரில் நீயும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. கட்டுரைக்கு நீ கேட்ட ஏரியல் போட்டோவை எடுக்க நேற்று கல்வராயன் மலைக்குப் போய் வந்தேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை, ரேடியோ கடையையும் திறக்கவில்லை.

சனிக்கிழமை ரேடியோ சங்கக் கூட்டத்தில் நம் கட்டுரையை வாசிக்காதே. காரணம் சொல்கிறேன்.

மலைமேல் மாதன் வீட்டில் நாம் வைத்த பீக்கன் டிரான்ஸ்மிட்டர் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அரை வாட்டில் நம் குறியீட்டை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஜூலையிலிருந்து தினமும் காலையில் சிக்னல் இறங்கி மத்தியானம் ஏறியதே, ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மேல்வானத்தின் வேலை என்று நீ அங்கும் நான் இங்கும் கேட்டுக் கேட்டு எழுதினோமே, அது வானம் இல்லையப்பா. மாதன் மனைவி பாவாயி ஏரியல் கம்பியில் காயப்போட்ட ஈரத் துணி. ஜூலையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வெள்ளச்சி என்று பெயர்.

கம்பி கட்டிய அன்று, தொட்டால் ஷாக் அடிக்குமா என்று பாவாயி கேட்டாள். அரை வாட்டுக்கு எறும்புகூடச் சாகாது, துணியே காயப்போடலாம் என்று சொன்ன மேதாவி நான்தான். சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

இந்த மாதம் பதினைந்து, பதினாறு, பதினேழு மூன்று நாளும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சிக்னல் எழவே இல்லை. சூரியனில் புயல் என்று துள்ளினோம். பாடம் நடத்திக்கொண்டிருந்த உன்னைப் போன் போட்டு வகுப்பிலிருந்து கூப்பிட்டேனே. அது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, காசி. அலச அலசத் துணி போதாமல் பாவாயி தன் புடவையையும் கிழித்துப் போட்டிருக்கிறாள். முந்தின வார மழையில் ரோடு அறுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் ஏறவில்லையாம். மூன்று நாளும் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் தேதி காலையில் சிக்னல் பளிச்சென்று வந்தது. அன்று காயப்போடத் துணி இல்லை, துணி நனைக்க வெள்ளச்சி இல்லை.

மாதன் இதையெல்லாம் அழாமல் சொன்னான். பாவாயிதான் தயங்கித் தயங்கி, "துணி போட்டதால பொட்டி கெட்டுப்பூடுச்சாங்க? இனிமே போட மாட்டோங்க" என்றாள்.

என் நோட்டில் பதினெட்டாம் தேதிக்கு நேராக 'சிக்னல் அருமை' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். உன் தாளிலும் அது இருக்கும். அந்த இடத்தில் நாலு பேர் கை தட்டினால் என்னால் தாங்க முடியாது. உன் குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். வாசிக்காதே, காசி.

உன்
சின்னதுரை