இருக்கையில் நான்கு அரிசி மூட்டைகள்

புருசெத், ஒஸ்லோ
20 மே 2025

என் அன்பு இரவீந்திரனுக்கு,

“இஞ்சாருங்கோ” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் நீங்கள் இல்லை. அதனால் கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக உங்கள் பெயரை முழுதாக எழுதித் தொடங்குகிறேன். இங்கே நானும் சுகம், காரும் சுகம்.

ஓம், கார்தான். அதை நான் விற்கவில்லை. பெப்ரவரியில் நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது, ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னேன். வந்தது உண்மைதான். நம் மாஸ்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டே இருக்கை, கூரை இல்லை, ரேடியோ இல்லை, கீழே விரிப்புக்கூட இல்லை, இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம். எடையைக் குறைப்பதற்காக நீங்கள் ஒவ்வொரு திருகாகக் கழற்றின மூன்று வருடம் அதில் இருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்ல? விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களிடம் மறைத்தது பிழை. ஆனால் தொலைபேசியில் நீங்கள் “ஓம், ஓம், பிறகு கதைக்கிறன்” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதுதான் எழுதுகிறேன்.

பனி முழுதும் கரைந்துவிட்டது. நம் கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து முற்றம் கூட்டுகிற நாளும் போன கிழமை வந்து போனது. உங்கள் பங்கையும் நானே கூட்டினேன். விடியற்காலைப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது பள்ளத்தாக்கு முழுக்கப் புகார் மூட்டம். தெருவிளக்குகள் தண்ணீருக்குள் எரிகிற மாதிரி இருக்கும். என் கை பஸ்ஸின் பெரிய ஸ்டியரிங்கில் இருக்கும், மனம் நம் சின்னக் காரில் மிதந்துகொண்டிருக்கும். இதைப் பயணிகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் போனபின் ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து நம் சிநேகிதர் ஆன்ட்ரியாஸின் கராஜுக்குத்தான் போனேன். நாம் இரண்டு பேரும் வாடகையைப் பாதிப் பாதியாகக் கொடுத்த அந்த மூலை இன்னும் நம்முடையதுதான். பனிக்காலத்தில் ரோட்டில் தூவுகிற உப்புத் தின்று துருவேறின கறளைக் காரின் அடியிலிருந்து சுரண்டி எடுத்தேன். புது ஸ்பிரிங் போட்டேன். கார் உருண்டால் தலையைக் காக்கிற இரும்பு வளையத்தைப் போட்டி நடத்துகிற கார்ச் சங்கக்காரர்கள் பார்த்துச் சரி சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வலிப்பைப் பற்றி எழுதாமல் விடப் பார்த்தேன், முடியவில்லை. முதல் தடவை வந்தபோது, ஒரு வருடம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று வைத்தியர் சொன்னார். கலண்டரில் நாள் வெட்டிக்கொண்டு பதினொரு மாதம் பொறுத்திருந்தீர்கள். பிறகு கராஜில், கையில் ஸ்பானரோடு, என் முன்னாலேயே இரண்டாம் தடவை வந்தது. கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து என்றதும், காரை விற்றுவிடு என்று சொல்லிவிட்டு ஸ்தவாங்கரில் இருக்கிற உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள். இரண்டு கிழமை என்றீர்கள். ஏழு மாதமாகிவிட்டது. நீங்கள் திரும்பி வராமலே விட்டுவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இவ்வளவு நேராக உங்களிடம் நான் சொன்னதில்லை.

இனி, ஒரு கூத்தைக் கேளுங்கள். ஏப்ரலில் ஆன்ட்ரியாஸ் நான்கு தராசுகளைக் கொண்டுவந்து காரின் ஒவ்வொரு சில்லின் கீழும் வைத்தார். ஓட்டுகிறவர் இருக்கையில் இருக்கும்போதுதான் நான்கு மூலை எடையையும் பார்த்து ஸ்பிரிங்குகளைச் சரிசெய்ய வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். நான் தமிழ்க் கடைக்குப் போய் இருபது கிலோ அரிசி மூட்டை நான்கு வாங்கி வந்தேன். நீங்கள் எண்பது கிலோ. இரண்டைக் கீழேயும் இரண்டைச் சாய்மானத்திலும் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டேன். மேல் மூட்டை தோள் பக்கம் கொஞ்சம் சரிந்தது. சோபாவில் நீங்கள் செய்தி பார்த்தபடி தூங்கிப்போவீர்களே, அப்படி. அன்று முழுக்க அதனோடு கதைத்துக்கொண்டே வேலை செய்தேன். மறுபேச்சுப் பேசாமல் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது, உங்களைப் போல இல்லை.

எல்லாம் அச்சாவாகச் சரிவந்தபின் ஆன்ட்ரியாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஜூன் முதலாம் திகதிப் போட்டியில் ஓட்டப் போவது இந்த அரிசியா என்று கேட்டார். அவருக்குக் கிண்டல் தெரியாது, உண்மையாகவே கேட்டார். போட்டிக்கு என் பெயரைக் கொடுத்திருந்தேன். ஆனாலும் காரை உங்களுக்காகத்தான் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மூட்டைகளை இறக்கிவிட்டு நான் ஏறி இருந்தேன். தராசுகள் எல்லாம் குழம்பிவிட்டன. காலும் கிளச்சுக்கு எட்டவில்லை. அந்த இருக்கை முன்னே பின்னே நகராது, நான்கு போல்ட்டில் காரின் அடித்தட்டோடு பூட்டியது, துளைகள் உங்கள் கால் நீளத்துக்குப் போட்டவை. முதுகுக்குப் பின்னால் குஷன் வைத்துப் போட்டியில் ஓட விடமாட்டார்கள். புதுத் துளை போட்டால் நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று மூன்று நாள் ட்ரில்லைத் தொடவே இல்லை. அழுதேன். நாலாம் நாள் போட்டேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் துளைகளை நான் ஒட்டி அடைக்கவில்லை, ரப்பர் மூடிதான் போட்டிருக்கிறேன். அரிசியைத்தான் இப்போது சமைத்துச் சாப்பிடுகிறேன். தனி ஆளாக அதை எப்போது முடிப்பேனோ தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஓட்டம். ஊருக்கு வெளியே பெரிய தார் வெளி, பாதையைக் காட்டுகிற செம்மஞ்சள் கோன்கள், மேலே வெறும் வானம். கார் தரையில் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு லேசு. ஆனால் எல்லோரையும் விட நான்கு விநாடி பிந்தினேன். ஐந்து தடவை ஓடியபின்தான் காரணம் பிடிபட்டது. பஸ்ஸின் பின்பகுதி உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதற்காக வளைவைத் தாண்டிப் போய்த்தானே திருப்புவோம். ஒவ்வொரு கோனிலும், பின்னால் பதினெட்டு மீட்டர் பஸ் வருகிறது என்றே என் கை நினைத்துக்கொண்டது! நீங்கள் நின்றிருந்தால் முதல் ஓட்டத்திலேயே கண்டுபிடித்து, சிரித்தே என்னைக் கொன்றிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். அன்று ஓட முன்னர் எல்லோரும் காரை விட்டு இறங்கிப் பாதையை நடந்து பார்த்தார்கள். முப்பது பேர், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இல்லாத ஸ்டியரிங்கைக் காற்றில் திருப்பிக்கொண்டு, கோன்களுக்கிடையே சத்தமில்லாமல் நடந்தார்கள். கோயில் வீதி சுற்றுகிறவர்கள் மாதிரி இருந்தது. நானும் நடந்தேன். பாதி வழியில் எனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. உங்களுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், பாதை முழுதும் மனதில் நிற்கும். கூட ஓர் ஆள் நடக்கலாமா என்று ஆன்ட்ரியாஸிடம் கேட்டேன். யாரும் நடக்கலாம் என்றார். அதற்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். வைத்தியரின் கடிதமும் கேட்க மாட்டார்கள்.

அத்தனை பேருக்கு முன்னால் விழுந்துவிடுவேனோ என்று யோசிப்பீர்கள். விழுந்தால் பக்கத்தில் நான் இருப்பேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் பார்த்துக்கொண்டு, தெளியும் வரை அந்தத் தாரிலேயே உங்களோடு இருப்பேன். பிறகு எழும்பி, மிச்சக் கோன்களையும் நடந்து முடிப்போம்.

ஜூன் முதலாம் திகதி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்குவார்கள். முதல் நாள் சனிக்கிழமை ஒஸ்லோ ரயில் நிலையத்தில் நான் காத்து நிற்பேன். வழியெல்லாம் கடவுள் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும்.

உங்கள்
ஜெயகுமாரி