ஆறு நிமிஷம்

மார்ச் 3

புது வலைத்தளம் இன்று தொடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். செயலாளரின் மருமகள் சம்பளம் வாங்காமல் செய்துகொடுத்தது, அதனால் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. "அப்படியே கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்றார் செயலாளர். பார்வையற்றோர் சங்கத்தில், அதுவும் என்னிடம்! சிரித்துவிட்டேன். பதினான்கு வருஷமாக இங்கே உதவித் தொலைபேசியில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன், பார்வை போன புதிதில், ஒன்பது வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரிப் பேச்செல்லாம் பழகிவிட்டது.

மார்ச் 19

இன்று மூன்றே அழைப்புகள். மூன்றும் பழைய ஆட்கள்.

மார்ச் 24

இன்றும் பழையவர்களே. புதிதாகப் பார்வை இழந்தவர் கூப்பிட்டால் எனக்கு உடனே தெரிந்துவிடும். முதலில் பேசவே மாட்டார்கள். பேசினாலும் பெரிய கேள்வியாக எதுவும் வராது. டீயை வழியாமல் ஊற்றுவது எப்படி, இரண்டு காலுறையும் ஒரே நிறமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது — இவ்வளவுதான். வாரத்துக்கு நாலைந்து பேர் அப்படி வருவார்கள். மூன்று வாரமாக ஒருவர்கூட இல்லை. ஊரில் எல்லோருக்கும் பார்வை திரும்பிவிட்டதா என்ன?

ஏப்ரல் 2

செயலாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதியாக இருக்காது.

"போனே வர்றதில்ல பாருங்க. ஜனங்க வெப்சைட்டுக்கு மாறிட்டாங்க. பழைய சைட்டுல ஒருத்தர் ஒரு நிமிஷம்தான் நிப்பாங்க. இப்ப சராசரியா ஆறு நிமிஷம்! அவ்வளவு பிடிச்சுப்போச்சு. இந்த மாசக் கடைசியோட உங்களுக்கும் ஓய்வு குடுத்துடலாம்னு இருக்கோம்."

ஓய்வாம். யார் கேட்டது?

அக்காவிடம் சொன்னேன். "விட்டுத் தள்ளுடி. வீட்டோட இரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். பாசத்தில்தான் சொல்கிறாள், தெரியும். ஆனால் அந்த 'வீட்டோட இரு' — ஒன்பது வருஷம் இருந்து பார்த்தாச்சு. முடியாது. தலைகீழா நின்னாலும் முடியாது.

ஏப்ரல் 3

என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? ஒரு மாதமாக அந்தத் தளத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. நம்ம தளம்தானே என்ற மெத்தனம்.

வீட்டுக்கு வந்ததும் திறந்தேன். கணினியில் திரையை வாசித்துச் சொல்லும் குரலுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். பழைய தளத்தில் வாயாடி முதல் வரியிலேயே என் தொலைபேசி எண்ணைச் சொல்வாள். இன்று, "படம். படம். பொத்தான். படம்" என்கிறாள். கீழே போனேன், மேலே வந்தேன், தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றேன். எண்ணைக் காணோம். அக்காவைக் கூப்பிட்டேன். "இதோ, நடுவுல பெருசா போட்டிருக்கே! சுத்தி பூவெல்லாம் வேற."

எண் ஒரு படத்துக்குள் இருக்கிறது. படத்தை வாயாடியால் வாசிக்க முடியாது. அவளிடம் மணி கேட்டேன். நான் தேடத் தொடங்கி ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

ஆறு! அடப்பாவிங்களா. யாரும் ரசித்துக்கொண்டு நிற்கவில்லை. வாசல் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 4

செயலாளரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் தெரியுது, உங்களுக்கு மட்டும்தான் தெரியல" என்றார். எங்கே உட்கார்ந்துகொண்டு என்ன பேசுகிறார்! மருமகளைக் குறை சொல்கிறேன் என்று கோபம் வேறு.

பத்தாம் தேதி கமிட்டிக் கூட்டம். என்னைக் கூப்பிடவில்லை. போவேன்.

ஏப்ரல் 10

போனேன். ஒரு தோளில் கணினி, இன்னொரு தோளில் ஒலிபெருக்கி.

"இது கமிட்டி மெம்பர்களுக்கு மட்டும்" என்றார் செயலாளர்.

"ஆறே நிமிஷம். நீங்க சொன்ன கணக்குதான்."

சத்தத்தை முழுசாக ஏற்றி வாயாடியைத் திறந்துவிட்டேன். படம். பொத்தான். படம். முதல் நிமிஷம் யாரோ சிரித்தார்கள். இரண்டாவதில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நாலாவதில் சங்கத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"என் வரவேற்புரை எங்க? அதைப் படிக்கச் சொல்லுங்க."

"அதுவும் படம்தான் சார்."

"சரி, போதும், நிறுத்துங்கம்மா."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு சார். நம்மளைத் தேடி வந்தவங்க முழுசா ஆறு நிமிஷம் தேடியிருக்காங்க."

நிறுத்தவில்லை. முழுசாக ஓடி முடிந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "தப்பு என் மேலதான்க்கா. எனக்கு யாரும் இப்படிப் போட்டுக் காட்டல." செயலாளரின் மருமகள். அவளைத் திட்டுவதற்கென்றே ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் வீண்.

ஓய்வு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

ஏப்ரல் 17

மருமகள் தினமும் வருகிறாள். திரையை அணைத்துவிட்டு, வாயாடியை மட்டும் கேட்டு வேலை செய்கிறாள். எண் இப்போது முதல் வரியில். ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று வாயாடி வாசிக்கும்படி எழுதிச் சேர்க்கிறோம். தலைவரின் திறப்புவிழாப் படத்துக்கு வந்ததும், "என்னக்கா எழுதறது? தலைவர் கத்தரிக்கோலோட நிக்கறார். ரிப்பன் தெரியல, வயிறு மறைக்குது" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

செயலாளர் என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. தளத்தின் சராசரி மறுபடியும் ஒரு நிமிஷத்துக்கு இறங்கிவிட்டது என்று புலம்புகிறாராம். இறங்கட்டும்.

ஏப்ரல் 22

புதியவர்கள் இன்னும் யாரும் இல்லை. பயமாக இருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

ஏப்ரல் 25

காலை பத்தேகாலுக்கு போன் அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் மூச்சு மட்டும். காத்திருந்தேன்.

"போன மாசம் ரெண்டு தடவ உங்க சைட்டுல தேடினேன்" என்றது ஒரு பெண்குரல். "நேத்துதான் நம்பர் கேட்டுது." பிறகு, "டீ ஊத்தினா வெளியில கொட்டிடுது. சிரிக்காதீங்க."

"சிரிக்கல. கப்பு விளிம்புல விரலை உள்பக்கமா லேசா மடக்கி வைங்க. சூடு தொட்டதும் நிறுத்திடுங்க. இப்பவே ஊத்திப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அந்த நேரம் பார்த்துச் சாவிக்கொத்தைச் சுழற்றும் சத்தம். செயலாளர். "அந்த ஓய்வு விஷயமா ஒரு கையெழுத்து..."

நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். சாவிச் சத்தம் நின்றது.

போனில் டீ விழும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"கொட்டல" என்றாள் அவள். "அக்கா, கொட்டல!"

செயலாளர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். கையெழுத்துக் கேட்ட தாளை மேசையில் விட்டுவிட்டுப் போயிருப்பாரோ என்று தடவிப் பார்த்தேன். இல்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.