அண்ணி இல்லாத முதல் பேஷன் ஷோ

பிரியமுள்ள அண்ணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் பாதியிலேயே தாவிப்போய் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவீர்கள். தொடர்கதையையே அப்படிப் படிக்கிறவர் நீங்கள்.

மண்டபம் நிறைந்தது. மைக் கொஞ்சம் கரகரத்தது, அது கரகரக்காத வருஷம் எது? யாரும் சேலையில் பின் குத்தவில்லை. குத்த வந்த பியூட்டி பார்லர் பெண்ணின் கையிலிருந்து டப்பாவையே பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, நீங்கள் பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

இதை எல்லாரும் படிக்கும்படிதான் எழுதுகிறேன். நம் ஊருக்கு உங்களைத் தெரியும். தெரியாதவர்களுக்காக நடுநடுவே கொஞ்சம் விளக்கம் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணி ஆரணியில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி ஒன்றில் டீச்சர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேன் உண்டு. ஹாரன் சத்தம் கேட்காத பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? வேன் நின்றால் பாதிப் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். அந்த வேன் ஓடுவதற்காக அண்ணி வருஷா வருஷம் ஒரு கலை விழா நடத்தினார். பிள்ளைகளின் நடனம், நாடகம், கடைசியில் பட்டுச்சேலை பேஷன் ஷோ. நன்கொடை கொடுத்தவர்கள் வந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"தம்பி, நீ நாற்காலி மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லித்தானே என்னை இதில் இழுத்துவிட்டீர்கள்? ரைஸ் மில்லில் மூட்டைகளோடு மல்லுக்கட்டும் எனக்கும் பேஷன் ஷோவுக்கும் என்ன சம்பந்தம்? நாற்காலியில் ஆரம்பித்து, பந்தல், ஜெனரேட்டர், போலீஸ் பர்மிஷன், மோர் பாக்கெட் என்று ஒவ்வொன்றாக என் தலையில் கட்டினீர்கள். மேடையில் நிற்பது மட்டும்தான் உங்கள் வேலை. இப்போது அங்கே யாரை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்?

நீங்கள் போன பிறகு இந்த வருஷம் விழா கிடையாது என்றே நினைத்தேன். "வருஷம் கூட முடியல, அதுக்குள்ள ஆட்டம் பாட்டமா?" என்று சித்தப்பா வீட்டில் வேறு பேச்சு. நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஒரு நாள் வேன் டிரைவர் மில்லுக்கே வந்துவிட்டார். "இன்னா சார், டயரு எல்லாம் வழவழன்னு ஆயிடுச்சி. பள்ளிக்கூடத்துல கேட்டா கையப் பிசையறாங்க. நீங்க எதாவது செய்றீங்களா, நான் வேற வேல பாத்துக்கட்டுமா?" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன், அண்ணி.

சரி, செய்வோம் என்று கிளம்பினால், சேலைக்கு எங்கே போவது?

கடைச் சேலையை நீங்கள் ஒருநாளும் மேடையேற்றியதில்லை. நெசவாளர் வீடுகளில் விற்காமல் தங்களுக்கென்று நெய்து பெட்டியில் வைத்திருக்கும் சேலைதான் வேண்டும் என்பீர்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்தது, மருமகள் வரும்போது கொடுக்க வைத்தது. அந்தச் சேலையை வேறொரு வீட்டுப் பெண் கட்டிக்கொண்டு மேடையில் நடக்க, நீங்கள் மைக்கில் நெய்தவர் பெயரைச் சொல்வீர்கள், நடக்கிற பெண்ணின் பெயரைச் சொல்லமாட்டீர்கள். வேறு எந்த ஊர் பேஷன் ஷோவில் இந்த அநியாயம் நடக்கும்?

நம் கூட்டமும் அப்படித்தானே. முன் வரிசையில் உட்காரும் நெசவாளர் ஒருவராவது பெண்ணின் முகத்தைப் பார்த்திருப்பாரா? நெசவு சுத்தமா இல்லையா என்று பின்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பதால், "திருப்பும்மா! முந்தானைய திருப்பிக் காட்டு!" என்று முதல் வருஷமே கத்தினார்கள். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மேடை விளிம்பில் நின்று முந்தானையைப் புரட்டிக் காட்டுவதையே நடையில் ஒரு அங்கமாக்கிவிட்டீர்கள். விசில் பறந்தது அதற்குத்தான்.

நான் ஒவ்வொரு தெருவாகப் போய்ச் சேலை கேட்டேன். மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். சேலை மட்டும் வரவில்லை. கோவிந்தசாமி மாமாதான் வாயைத் திறந்து சொன்னார்.

"உங்க அண்ணி கேட்டா கண்ண மூடிகினு குடுத்தோம்பா. உன்னையும் நம்பறோம். ஆனா திரும்ப மடிக்கிறது யாரு? மடிப்பு மாறிச்சின்னா ஜரிகைல கோடு வுழுந்துடும். உங்க அண்ணன் மடிச்சா குடுக்கறேன். அவுரு இன்னா சொல்றாரு?"

அண்ணன் என்ன சொல்வார்? உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து அவர் பேசியதை ஒரு தாளில் எழுதினால் தாள் மிச்சமிருக்கும். காலையில் தறியில் உட்காருவார், நெய்வார், எழுந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். என் வீட்டுக்காரி விதவிதமாகச் சமைத்துப் பார்த்தாள். உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லமாட்டார். ஒரு மனுஷன் சண்டை போட்டால் சமாளிக்கலாம், சும்மா இருந்தால் என்ன செய்வது?

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தறிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து விஷயத்தைச் சொன்னேன். வேன், டயர், மாமா கேட்டது எல்லாம். தறியை நிறுத்தாமலே கேட்டார். நான் எழுந்திருக்கும்போதுதான் பதில் வந்தது.

"மடிச்சுத் தரேன். மண்டபத்துக்கு வரமாட்டேன். கூப்பிடாத."

அது போதும் என்று ஓடினேன். அண்ணன் மடிக்கிறார் என்றதும் பெட்டிகள் திறந்தன.

அடுத்து, பெண்களுக்கு நடக்கச் சொல்லித்தர ஆள். அதுவும் நீங்கள்தானே செய்தீர்கள்? மில் முதலாளியின் மகன் சென்னையிலிருந்து தன் சிநேகிதன் பிரவீனை வரவழைத்தான். நல்ல பையன், சல்லிக்காசு வாங்கவில்லை. ஆனால் ஒத்திகையில் முந்தானை திருப்புவதைப் பார்த்ததும் முகம் சுளித்துவிட்டான். "அங்கிள், இது ரேம்ப் வாக். இது என்ன கடையில துணி எடுத்துப் போடற மாதிரி? இத கட் பண்ணிடலாம்" என்றான். எனக்கு மனசே இல்லை. ஆனால் படித்தவன் சொல்கிறானே என்று தலையாட்டிவிட்டேன். சொல்லுங்கள், திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிள்ளைகள் நடனம் பிரமாதம். பிறகு சேலைகள். முதல் பெண் வந்தாள், நின்றாள், இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள், போய்விட்டாள். முன் வரிசை ஒன்றும் புரியாமல் பார்த்தது. இரண்டாவது பெண்ணும் திருப்பவில்லை. "திருப்பும்மா!" என்று ஒரு குரல். மூன்றாவது பெண் வந்தபோது பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள். "இன்னாய்யா இது, பேஜாரா கீது! என் சேலையையும் இப்டி மூடிகினு போவாங்கன்னா நான் எதுக்குக் குடுத்தேன்?" என்று கோவிந்தசாமி மாமா மேடைக்கே வந்துவிட்டார்.

பிரவீனுக்கு விஷயம் புரியவில்லை. கலாட்டா பண்ணுகிறார்கள், பெண்களைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டான். "ஜல்தி உள்ள போங்க" என்று யாரோ பெண்களைத் திரைக்குப் பின்னால் தள்ளினார்கள். ஒரு பக்கம் சத்தம், ஒரு பக்கம் நன்கொடையாளர்கள் எழுந்து செருப்பைத் தேடுகிறார்கள். முடிந்தது கதை, இனி இந்த ஊரில் யாரும் சேலையும் தரமாட்டார்கள், வேனும் ஓடாது என்று மேடைக்குக் கீழே மரம்போல நின்றேன். அந்த நிமிஷம் உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படி விட்டுவிட்டுப் போனீர்களே என்று.

அப்போது ஜெனிஃபர் வந்தாள். உங்கள் மாணவிதான். இப்போது ஒரு பட்டுச்சேலை டிசைன் சென்டரில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். பாட்டு நின்றதும் அவளுக்குத் தெரியாது, கத்துவதும் தெரியாது. தன் முறை வந்ததென்று மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட கோவிந்தசாமி மாமாவின் சேலையோடு நிதானமாக நடந்து வந்தாள். பாட்டில்லாமல் அந்த நடை எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? மேடை விளிம்புக்கு வந்த பிறகுதான் கீழே கைகள் ஆடுவதையும் முகங்கள் சிவந்திருப்பதையும் பார்த்தாள். தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். முகம் சுருங்கி, அழுகை வந்துவிட்டது. முன் வரிசையோ இன்னும் சத்தமாகக் கத்துகிறது. கத்தி என்ன பிரயோஜனம்?

நாற்காலிகளுக்கு நடுவே ஒருவர் நடந்து வந்தார். தோளில் வெள்ளை வேட்டித் துணி. கட்டி முடித்த சேலைகளைச் சுற்றி எடுத்துப்போகப் பின்வாசலுக்கு வந்தவர், சத்தம் கேட்டு உள்ளே வந்திருக்கிறார்.

அண்ணன்தான்.

மேடைக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் தூக்கினார். ஜெனிஃபர் பார்க்கும்வரை ஆட்டினார். அவள் பார்த்ததும், இடது தோளிலிருந்து இல்லாத முந்தானையை இழுத்து, உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினார். பிறகு கூட்டத்தைக் காட்டி, கண்ணைத் தொட்டு, வேறென்னவோ வேகமாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. சிரித்துவிட்டாள் அண்ணி, அழுகை வந்த முகத்தோடு அப்படியே சிரித்துவிட்டாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துத் திருப்பினாள்.

மண்டபம் அடங்கியது. கோவிந்தசாமி மாமா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "சுத்தமா கீதுடா" என்றார், தான் நெய்த சேலையைத் தானே மெச்சிக்கொண்டு. பிறகு, காது கேளாத பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று நீங்கள் பழக்கியிருந்த மாதிரி, கைதட்டாமல் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினார். பின்னாலேயே எல்லாரும் தூக்கினார்கள். பிரவீன் ஓடிவந்து, "அங்கிள், எல்லாரையும் திரும்ப அனுப்பட்டுமா?" என்று என்னைக் கேட்டான். "அவரைக் கேள்" என்று அண்ணனைக் காட்டினேன். முதல் பெண்ணிலிருந்து மறுபடி வந்தார்கள். கடைசிச் சேலைவரை அண்ணன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொருத்திக்கும் கையால் சொன்னார். காது கேட்கிற பெண்களுக்கும் சேர்த்துத்தான். செருப்பு தேடியவர்கள் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். வேனுக்கு இந்த வருஷக் கவலை இல்லை.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் கையாலேயே பேசிக்கொள்வீர்களே. பள்ளியில் கற்றதை நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு தறி ஓடாதபோதும் அதே பழக்கமாகிவிட்டது. என்னைத்தான் கிண்டல் செய்கிறீர்கள் என்று நான் சண்டைக்கு வருவேன். நாங்கள் எல்லாரும் அண்ணன் பேசுவதில்லை, பேசுவதில்லை என்று புலம்பினோம். அவர் பேசுகிற பேச்சுக்கு வீட்டில் பதில் சொல்ல ஆளே இல்லை என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா?

மறுநாள் கூடத்தில் சேலைகளை மடித்தோம். ஒரு முனையில் அண்ணன், மறுமுனையில் நான். "இழுத்துப் பிடிடா, பாய் மடிக்கிறியா?" என்று திட்டினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு வாங்கிய திட்டு! நான்கைந்து சேலை ஆன பிறகு, "அடுத்த வருஷம் அந்தப் பையன தொந்தரவு பண்ணாத. பொண்ணுங்களுக்கு நான் சொல்லித் தரேன்" என்றார். அண்ணன் ரேம்ப் வாக் சொல்லித்தரப் போகிறார், அண்ணி! சித்தப்பா வீட்டில் இதைச் சொன்னால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

ஜெனிஃபர் இப்போது சாயங்காலம் வேலை முடிந்து நம் வீட்டுக்கு வருகிறாள். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் கைப்பேச்சு சொல்லித்தர. மூட்டை தூக்கின விரல், வளையமாட்டேன் என்கிறது. நேற்று ராத்திரி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "உப்பு சரியா?" என்று அண்ணனைக் கையால் கேட்டேன். உண்மையில் என்ன கேட்டேனோ தெரியவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கிச் சரிசெய்தார். சரிசெய்துவிட்டு, மெதுவாக, எனக்குப் புரியும்படி, கையாலேயே பதில் சொன்னார்.

உப்பு கம்மியாம்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணி, அடுத்த விழாவுக்குள் அவரோடு கையாலேயே சண்டை போடும் அளவுக்குக் கற்றுக்கொள்வேன். உங்கள் இடத்துக்கு நான் வர முடியாது, அதற்கு ஆசையுமில்லை. ஆனால் இனி இந்த வீட்டில் அவர் கை தூக்கினால், பதிலுக்கு ஒரு கை தூக்கும்.

என்றும் உங்கள் கொழுந்தன்,
ரவி
ஆரணி